எஞ்சின் காது

காமுவுக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி கேட்கும் வியாதி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் கேட்பதற்கென்று அச்சடித்த தாளில் பதினோரு கேள்விகள் இருக்கின்றன. உடம்புக்குள் இரும்பு, கம்பி ஏதாவது வைத்திருக்கிறதா, இதயத்துக்குக் கருவி உண்டா, மூடிய இடமென்றால் பயமா, இப்படி. பதினொன்றையும் கேட்டோமா, டிக் அடித்தோமா, ஆளை உள்ளே அனுப்பினோமா என்று இருக்க வேண்டியதுதானே? மாட்டாள். தலைவலி எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கும், சாப்பிட்டால் வருமா சாப்பிடாவிட்டால் வருமா, முழங்கையில் அந்தத் தழும்பு எப்படி வந்தது, எல்லாம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. தெரியாமல் போனால் சாயங்காலம் தாம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிடுவாள்.

"இது ஸ்கேன் சென்டரா, சி.பி.ஐ. ஆபீஸா மேடம்?" என்பார் மேனேஜர் ஜெயகிருஷ்ணன். காமுவின் கணவர் வைத்தீஸ்வரன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நல்லவேளை, உனக்குப் பேஷண்ட்டுங்க இருக்காங்க. இல்லேன்னா இத்தனை கேள்வியும் எனக்குத்தான் வந்து விழும்" என்பார் அவர்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேட்பதற்குத்தான் காமுவுக்கு வாய் நீளம். சொல்வதில் அவளைப் போல அழுத்தக்காரி கிடையாது. கீழ்க்கட்டளை மெயின் ரோட்டில் இருந்த அந்தச் சென்டரில் படம் எடுப்பது மட்டும்தான் அவள் வேலை. படம் உடனே இணையம் வழியாக ஊரப்பாக்கத்துக்குப் போய்விடும். அங்கே டாக்டர் யக்ஞநாராயணன் தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பார்ப்பார். மறுநாள் மாலை ரிப்போர்ட் வரும். அதை எடுத்துக்கொண்டு அவரவர் தங்கள் டாக்டரிடம் போக வேண்டும். திரையில் என்ன தெரிந்தாலும் டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது. அழுது கேட்டாலும் கூடாது. பத்தொன்பது வருடத்தில் காமு ஒரு தடவைகூட அந்த விதியை மீறியதில்லை.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பி கங்காதரன், முப்பத்துமூன்று வயது. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரத்துக் குப்பத்தில் மீன்பிடிக்கிறவன். நல்ல உயரம், கட்டான உடம்பு. நோயாளி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அக்கா ரேணுகாம்பாள் அவனைவிட ஐந்து வயது பெரியவள். மேடவாக்கம் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தாள்.

காது டாக்டர் கொடுத்த சீட்டில் வலது காது கேட்கவில்லை, இரைச்சல், உள்காது நரம்பைப் படம் எடுக்கவும் என்று எழுதியிருந்தது.

"எத்தனை நாளா கேக்கலை?" என்றாள் காமு.

"அது ஆச்சுக்கா ஒரு ரெண்டு வருசம். எஞ்சின் காது தான். எங்க குப்பத்துல பாதிப் பேருக்குக் கீது. நாள் பூரா எஞ்சினுக்குப் பக்கத்துலயே குந்திகினு இருந்தா காது இன்னா ஆவும்? எங்கக்கா தான் சும்மா பேஜார் பண்ணி இஸ்துகினு வந்துட்டா."

"டேய், போன மாசம் பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், நீ பாட்டுக்குப் போய்கினே கீற. நான் புடிச்சி இழுக்கலேன்னா இந்நேரம் உனக்குக் காரியமே முடிஞ்சிருக்கும்" என்றாள் ரேணுகாம்பாள். வெயிட்டிங் ஹாலே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது போலிருக்கிறது.

"சீக்கிரம் ஆவுமாக்கா?" என்றான் கங்காதரன். "நாளைக்கு விடிஞ்சதும் முழுகணும். எங்க குப்பத்து மோகன்ராஜோட போட்டு, அதோட வலை பார்ல மாட்டிகினு கீது."

"பார்னா?"

"கடலுக்கு அடியில பாறை கீதில்ல, அது. வலை அதுல சிக்கிட்டா இழுத்தா கிழிஞ்சிடும். ஒருத்தன் முழுகிப் போய் எடுத்து வுடணும். நாலு போட்டுக்கு நான் தான் முழுகுற ஆளு. எங்க நைனாவும் அதே வேலை தான்." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை தெரிந்தது. உடனே குரல் இறங்கியது. "இந்த ஸ்கேன்ல ஏதாவது வந்துச்சின்னா கடலுக்குப் போவாதேன்னு சொல்லிடுவாங்களாக்கா? அதான் எனக்கு பயமா கீது. எனக்கு வேற வேலை தெரியாது."

அதைக் காது டாக்டர்தான் சொல்வார் என்று சொல்லி, இடுப்பில் கட்டியிருந்த தாயத்தைக் கழற்ற வைத்து அவனை உள்ளே அனுப்பினாள் காமு.

மெஷின் தடதடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் படங்களில் வலது பக்கத்தில் ஏதோ இருப்பது தெரிந்தது. கையில் ஏற்றும் மருந்தைப் போட்டுவிட்டு மறுபடி எடுத்ததும் அது பளிச்சென்று வெள்ளையாக எழும்பி நின்றது. காதிலிருந்து மூளைக்கு நரம்பு போகும் சின்னச் சந்துக்குள் வால், வெளியே நெல்லிக்காய் அளவில் தலை. இப்படிப்பட்ட கட்டிகளைக் காமு நிறையப் பார்த்திருக்கிறாள். வருடத்துக்கு நாலைந்து வரும். பெரும்பாலும் சாதுவான கட்டி, மெதுவாக வளரும். பாவம், எஞ்சினைத் திட்டிக்கொண்டிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனவள், நின்றுவிட்டாள்.

இடது பக்கத்திலும் இருந்தது.

சின்னதுதான், பட்டாணி அளவு. ஆனால் அதே இடம், அதே சந்து, அதே வெள்ளை. காமு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு காதில் வருவது வேறு. இரண்டு காதிலும் வருவது வேறு. படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்தது, பரீட்சையில் எழுதியது. நேரில் இதுவரை பார்த்ததில்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆவல்தான் முதலில் வந்தது. அதற்காகத் தன்னையே ஒரு திட்டுத் திட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்துக்குப் போன் போட்டாள்.

யக்ஞநாராயணன் வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். "அனுப்பினதைப் பார்த்துண்டுதான் இருக்கேன்" என்றார்.

"சார், ரெண்டு பக்கமும்."

"ரெண்டு பக்கமும்தான். என்.எஃப். டூன்னு சொல்லுவோம். நரம்புல கட்டி கட்டியா வர்ற பரம்பரை வியாதி. புற்றுநோய் இல்லை. ஆனா அப்பா அம்மா யாராவது ஒருத்தர்கிட்டேருந்து வந்திருக்கலாம், சில பேருக்குப் புதுசாவும் வரும். எனக்குப் படம்தான் தெரியறது காமு, மனுஷா தெரியலை. வீட்டுல வேற யாருக்காவது காது கேக்காம இருந்துதான்னு விசாரிச்சுச் சொல்லுங்கோ. ரிப்போர்ட்டுல எழுதணும்."

விசாரிக்கச் சொன்னார்! காமுவிடம் போய்! அவள் எழுந்து வந்த வேகத்தைப் பார்த்து ஜெயகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெயிட்டிங் ஹாலில் ரேணுகாம்பாள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இடது கையில் போன். ஆனால் கழுத்தைத் திருப்பி அதை வலது காதில் வைத்திருந்தாள். காமு சற்று நேரம் நின்று அதைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு இடது பக்கமாகப் போய் நின்று, "ரேணுகாம்பாள்" என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டாள். ஊஹூம். தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கும் காது கேக்காதா?"

"அய்ய, அது சளிக்கா. அடைச்சிகினு கீது."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருசமா."

"மூணு வருஷமா ஒரு சளியா?"

ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இன்னா பண்றது, வேலைக்கு நடுவுல யாரு டாக்டராண்ட போறது?"

காமு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வலது பக்கமாக. "உங்க அம்மாவுக்குக் காது எப்படி?"

"அதுக்கா? பக்கத்து வூட்டுல கிசுகிசுன்னு பேசினாக்கூட கேக்கும்."

"அப்பாவுக்கு?"

"நைனாவுக்கு ரெண்டு காதும் அவுட்டு. கடைசி காலத்துல கத்தினா தான் கேக்கும். அவருக்கும் எஞ்சின் காது தான்."

"உங்களுக்கு மட்டும் ஏன் சளி? உங்களுக்கும் எஞ்சின் காதா இருக்கலாமே."

"இன்னாக்கா நீ, நான் எங்க போட்ல ஏறினேன்? எங்க குப்பத்துல பொம்பளைங்க போட்டை மிதிக்கக் கூடாது. கரையில நின்னு மீனை வாங்கிக்கறதோட சரி. பொறந்ததுலேர்ந்து நான் ஒரு தபாகூட ஏறினதில்ல."

"சரி. தம்பி காதை எஞ்சின் கெடுத்தது. அப்பா காதையும் எஞ்சின் கெடுத்தது. எஞ்சின் பக்கமே போகாத உங்க காதை யார் கெடுத்தது?"

ரேணுகாம்பாள் விரலை விட்டு இடது காதைக் குடைந்து பார்த்தாள். குப்பத்தில் ஆயிரம் தடவை பேசிய விஷயம். இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"அப்பா இப்ப இருக்காரா?" என்றாள் காமு.

"இல்ல."

"எப்படி?"

அவள் முகம் மாறியது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். காமு விடவில்லை. "டாக்டர் கேக்கச் சொன்னார்" என்றாள். அது பாதிதான் உண்மை.

ரேணுகாம்பாள் அந்தச் சத்தமான குரலை எங்கிருந்தோ பிடித்து அடக்கிக்கொண்டு பேசினாள்.

"பதினெட்டு வருசம் ஆச்சுக்கா. இதே ஐப்பசி. ஆத்துத் தண்ணி கடல்ல வந்து வுழுந்து ஒரே கலங்கல். கரைக்குப் பக்கத்துலயே எஞ்சின் விசிறியில வலை சுத்திகிச்சி. நைனா எடுத்து வுடறேன்னு முழுகினாரு. பட்டப்பகல். ரெண்டாள் ஆழம் தான். மேல வரல. எங்க நைனாவாட்டம் முழுகுறவரு அந்தக் கரையிலேயே கிடையாதுக்கா. அவரு எப்படி ரெண்டாள் ஆழத்துல சாவாரு? மோகன்ராஜ் தான் முழுகிப் போய்த் தூக்கினான். அடியில கெடந்தாராம். ரெண்டு கையும் மண்ணுக்குள்ள இருந்திச்சாம். நகக்கண்ணெல்லாம் சேறு. நான் பாத்தேனே, எத்தினி கழுவியும் போவல." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "குப்பத்துல எல்லாரும் இன்னா சொன்னாங்க தெரியுமா? மேல வரக் கூடாதுன்னு தரையைப் புடிச்சிகினு செத்துட்டாருன்னு சொன்னாங்க. அன்னிக்குக் காலைல தான் எனக்கும் அவருக்கும் சண்டை. நான் ஒருத்தரைக் கட்டிக்கிறேன்னு சொன்னேன், அவரு வாணாம்னாரு. நீ செத்தா தான் எனக்கு விடியும்னு சொல்ட்டேன். பொண்ணு பேசின பேச்சுல போயிட்டான்னு என் காதுபடவே பேசினாங்க. இன்னிக்கு வரைக்கும் அது தான் பதில். நீ தான்க்கா மொதல்ல எப்படின்னு கேட்டது."

காமு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே, பாருங்கள் அந்தப் புத்தியை, இன்னொன்றும் கேட்டாள். "சாகறதுக்கு முன்னாடி அவருக்கு நடக்கறதுல ஏதாவது தள்ளாட்டம்?"

"ஆமாக்கா! பகல்ல ஒண்ணும் இருக்காது. பொழுது போனா தள்ளாடுவாரு, செவுத்தைப் புடிச்சிகினு வருவாரு. சொட்டுத் தண்ணி போட மாட்டாரு. ஆனா குடிகாரன்னு பேரு."

வெளிச்சத்தில் இல்லை, இருட்டில் மட்டும். காமு எழுந்து உள்ளே ஓடினாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட யக்ஞநாராயணன் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். "அந்த நரம்பு கேக்கறதுக்கு மட்டும் இல்லை, காமு. நாம நேரா நிக்கறோமா சாயறோமான்னு சொல்றதும் அதோட சேர்ந்துதான் போறது. அது போனாலும் கண்ணு காப்பாத்தும். தரையில காலை வெச்சிருந்தா காலும் சொல்லும். வெளிச்சத்துல அந்த மனுஷன் சரியா நடந்தது அதனாலதான். தண்ணிக்குள்ள கால் ஊன்ற இடம் இல்லை. கலங்கல்னா கண்ணும் இல்லை. ரெண்டு காதும் கெட்டுப்போனவன் அங்க முழுகினா மேலே எது, கீழே எதுன்னே தெரியாம போகலாம். அதனாலதான் இந்த வியாதி இருக்கறவாளைத் தனியா நீந்தவே கூடாதுன்னு சொல்லுவா."

மெஷின் நின்றுவிட்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கங்காதரன் எழுந்து உட்கார்ந்து, எப்போது போகலாம் என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார், இவர் நாளைக்கு விடியக்காலம் முழுகப் போறார். இதே ஐப்பசிக் கலங்கல்ல."

"ரிப்போர்ட் நாளைக்குச் சாயங்காலம் வந்துடும். காது டாக்டர் சொல்லிடுவார்."

"நாளைக்குச் சாயங்காலமா? ஆள் இருக்கணுமே சார்! நான் சொல்லக் கூடாது, சரி. நீங்க சொல்லலாம் இல்லையா? நீங்க டாக்டர்தானே?"

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பத்து வருடமாக ஒரு நோயாளியின் முகத்தையும் பார்க்காத மனிதர். காமு தன்னிடம் இப்படிக் குரலை உயர்த்துவாள் என்றும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"வீடியோவுல வாங்கோ" என்றார் கடைசியில். "அவரைக் கூப்பிடுங்கோ."

வீடியோவில் வந்தவர் பனியனோடு, தோளில் துண்டோடு இருந்தார். வேறு நாளாக இருந்தால் காமு சிரித்திருப்பாள். ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த சின்ன இடத்தில் அக்காவையும் தம்பியையும் நிறுத்தி, சத்தத்தை முழுக்க வைத்துப் போனைக் கங்காதரனின் இடது காதுப் பக்கமாகப் பிடித்தாள். டாக்டர் இரண்டு காதிலும் கட்டி இருப்பதைச் சொன்னார். எஞ்சினால் வந்தது இல்லை என்றார். வைத்தியம் உண்டு, பயப்பட வேண்டாம், ஆனால் முழுகக் கூடாது என்றார்.

கங்காதரனுக்குக் கட்டியெல்லாம் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கடைசி வார்த்தைதான் விழுந்தது.

"அதான் நெனச்சேன்! கடலுக்குப் போவாதேன்னு சொல்லத் தானே கூப்ட்டீங்க? நான் தண்ணியிலேயே வளந்தவன் சார். மேல எது கீழ எதுன்னு எனக்குத் தெரியாதா? மூச்சைப் புடிச்சிகினு சும்மா இருந்தா தண்ணியே மேல தூக்கும்."

"சும்மா இருந்தா தூக்கும். நீங்க சும்மா இருக்க மாட்டேளே. மூச்சு முட்டறதுன்னு வேகமா கை கால் அடிப்பேள். தப்பான பக்கம் அடிச்சா?"

"நான் ஏன் சார் தப்பா அடிக்கப் போறேன்?"

டாக்டர் வாதாடவில்லை. "காமு, பேஷண்ட்டைப் படுக்க வைக்க ஸ்பாஞ்சு மெத்தை வெச்சிருப்பேளே, அதுல ஒண்ணைத் தரையில போடுங்கோ. காலைச் சேர்த்து வெச்சு அவரை அதுமேல நிக்கச் சொல்லுங்கோ."

தடிமனான ஸ்பாஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். கங்காதரன் ஏறி நின்றான். கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றான். "இன்னா இது, வெளையாட்டா கீது" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்பக் கண்ணை மூடச் சொல்லுங்கோ. பக்கத்துல நின்னுக்கோங்கோ."

கண்ணை மூடினான். மூன்று எண்ணுவதற்குள் அந்தப் பெரிய உடம்பு வலது பக்கமாகச் சாய்ந்தது. காமுவால் தனியாகத் தாங்க முடியவில்லை. ரேணுகாம்பாளும் ஓடிவந்து பிடித்தாள்.

"கால் வழுக்கிடுச்சி. இன்னொரு தபா" என்றான். இன்னொரு தடவை ஏறினான். மறுபடி சாய்ந்தான். மூன்றாவது தடவை யாரும் சொல்லாமல் அவனே ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு, முஷ்டியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினான். இந்தத் தடவை சாய்வது அவனுக்கே தெரியவில்லை. பிடித்து நிறுத்திய பிறகும் கண்ணைத் திறக்காமல், "பாத்தியா, நேரா நிக்கிறேன்" என்றான். முழுப் பாரமும் காமுவின் தோளில் இருந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தான். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. அந்த ஸ்பாஞ்சின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போன வாரம் ஒண்ணு நடந்திச்சி" என்றான் மெதுவாக. "யாராண்டையும் சொல்லல. முழுகி வலையை எடுத்து வுட்டுட்டு மேல வந்துகினு இருந்தேன். ஒரே கலங்கல். இன்னாடா இது, இவ்ளோ நேரமா வரோம், மேல வரவே இல்லையேன்னு வேகமா அடிச்சேன். டம்முனு தலை மண்ணுல முட்டிச்சி. அப்பால தான் தெரிஞ்சிது, நான் கீழ போய்கினு இருந்திருக்கேன். ரெண்டு கையும் மண்ணுல பொதைஞ்சி போச்சி. திரும்பி எப்படி வந்தேன்னே தெரியல. நீரோட்டம் பொரட்டிடுச்சின்னு நெனச்சிகினேன்."

"இன்னா சொன்ன?"

ரேணுகாம்பாளின் குரல்தான் அது. ஆனால் அவள் குரல் மாதிரி இல்லை.

"கையி இன்னா ஆச்சின்னு சொன்ன?"

"மண்ணுல பொதைஞ்சி..." என்று ஆரம்பித்த கங்காதரன் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அப்பா போனபோது அவனுக்குப் பதினைந்து வயது. அவனும் அந்தக் கைகளைப் பார்த்தவன்தான்.

காமுவுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இந்த மக்கள் நீச்சலை நன்றாகத் தெரிந்தவர்கள். அதனாலேயே அந்தச் சாவைத் தப்பாகப் படித்துவிட்டார்கள். நீந்தத் தெரிந்தவனுக்கு மேலும் கீழும் குழம்பும் என்று அவர்களால் நினைக்கவே முடியவில்லை. கையில் சேறு இருந்தால் பிடித்துக்கொண்டான் என்றுதானே அர்த்தம்?

ரேணுகாம்பாள் போனை நோக்கிக் குனிந்தாள். "சார், எங்க நைனா... அவரு மேல வரத்தான் பாத்திருப்பாரா சார்?"

யக்ஞநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் நேர்ல பார்க்கலைம்மா. அவருக்கு ஸ்கேனும் எடுக்கலை. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா உங்க தம்பிக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்திருக்கும்னு எனக்குத் தோண்றது. வழியைத் தோண்டியிருக்கார்மா. மேலேன்னு நினைச்சுண்டு."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள். அழுதாள். பதினெட்டு வருட அழுகை. வெயிட்டிங் ஹாலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெயகிருஷ்ணன் அடுத்த பேஷண்ட் காத்திருக்கிறார் என்று சொல்ல வந்து, சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார். காமுவும் அழுதாள். அவளுக்குச் சம்பந்தம் இல்லைதான். இருந்தாலும் வந்தது.

டாக்டர் போனை வைக்கவில்லை. ரேணுகாம்பாளும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்றார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். நிஷா என்று ஒரு பெண், பத்தாவது படிக்கிறாள். அவளுக்கும் இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ரத்தப் பரிசோதனை இருக்கிறது, முன்னாலேயே தெரிந்துகொண்டால் நல்லது, மறைக்காதீர்கள் என்று நிதானமாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, காமுவை எழுதிக்கொள்ளச் சொன்னார். ரேணுகாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். "நாளைக்கே கூட்டிகினு வரேன். அவளுக்கு நீச்சல்னா உசுரு" என்றாள்.

கங்காதரன் இன்னும் ஸ்பாஞ்சின் மேலேயே இருந்தான். "அப்போ கடல் அவ்ளோ தானா?" என்றான்.

"முழுகறது அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "போட்டுல போறதைப் பத்தி உங்க காது டாக்டர் பார்த்துட்டுச் சொல்லட்டும். அதுவரைக்கும் அதுவும் வேண்டாம்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் காமு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னது சரிதான்; உயிரைக் காப்பாற்றியதும் சரிதான். ஆனால் அவன் பயந்தது அப்படியே நடந்துவிட்டதே.

அப்போது அவன் போன் அடித்தது. மோகன்ராஜ். கங்காதரன் ஸ்பீக்கரில் போட்டான். அலைச் சத்தமும் காற்றும் முதலில் வந்தன.

"மச்சான், இன்னா ஆச்சு? நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடு. கயிறெல்லாம் எடுத்து வெச்சிட்டேன்."

கங்காதரன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "நான் முழுகலடா. வேற யாரையாவது பாரு. இல்லேன்னா வலையை அறுத்து வுட்டுடு."

"இன்னாது? புது வலைடா! அறுக்கறதா?" அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "இன்னா மச்சான், உனக்கா பயம்? உங்க நைனா மாரி நீயும் ஏதாவது..."

பேச்சு பாதியில் நின்றது, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது மோகன்ராஜுக்கே தெரிந்த மாதிரி. ரேணுகாம்பாள் எட்டித் தம்பி கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"டேய் மோகன்ராஜு, நான் ரேணுகா பேசறேன். நீ தானே அன்னிக்கு எங்க நைனாவைத் தூக்கினு வந்தது? நீ தானே அவரு தரையைப் புடிச்சிகினு இருந்தாருன்னு சொன்னது?"

"அக்கா, அது இன்னாத்துக்கு இப்போ..."

"கேளுடா. அவரு புடிச்சிக்கல." அவள் குரல் உடைந்தது. ஆனாலும் வழக்கமான சத்தத்துக்கு வந்துவிட்டிருந்தது. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். "எங்க நைனா வூட்டுக்கு வந்துகினு இருந்தாருடா. வழி தான் தெரியல."

அந்தப் பக்கம் கடல் இரைச்சலுக்கு நடுவில் கயிற்றுச் சுருள் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு மோகன்ராஜ் சொன்னான்:

"வலையை அறுத்து வுட்டுடறேன்க்கா."